பாதை போடாத மலைக்காட்டில் கூடாரம்

அலாஸ்காவின் டெனாலி தேசியப் பூங்காவில் உட்காட்டுக்குள் கூடாரம் அடித்துத் தங்க முன்பதிவு கிடையாது. ஆறு மாதத்துக்கு முன்பே விமானச்சீட்டு எடுத்தவரானாலும், பக்கத்து ஊரிலிருந்து காலையில் கிளம்பி வந்தவரானாலும், பூங்கா வாசலருகே உள்ள அலுவலகத்தில் நேரில் நின்றுதான் அனுமதிச்சீட்டு வாங்க வேண்டும். அதற்கு முன் பாதுகாப்பு பற்றிய படம் ஒன்றைப் பார்த்தாக வேண்டும். உட்காடு 87 பிரிவுகளாக வகுக்கப்பட்டிருக்கிறது. அவற்றில் ஏறக்குறைய பாதியில், ஓர் இரவுக்கு இத்தனை பேர்தான் என்ற வரம்பு உண்டு. ஆசைப்பட்ட பிரிவு நிரம்பிவிட்டால் வேறொன்றைத்தான் கேட்க வேண்டும்.

அதனால் ஒரே ஒரு வழியை வரைந்து வைத்துக்கொண்டு போகிறவர்களின் பயணம் அந்த மேசையிலேயே கலைந்துவிடக்கூடும். கையில் மூன்று நான்கு மாற்று வழிகள் இருக்க வேண்டும். அவற்றை வீட்டில் உட்கார்ந்து வகுப்பதென்றால், அந்த மலையில் ஆறு எப்போது பெருகும், மண் எப்படி நகரும், கரடி எங்கே மேயும் என்பதெல்லாம் கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும். ஊரைவிட்டு வெகுதூரம் விலகிய எந்த மலைப் பூங்காவுக்கும் இது பொருந்தும். டெனாலியில் அதற்கு விலக்கே கிடையாது.

பூங்காவும் அதை ஒட்டிய காப்புப் பகுதியும் சேர்ந்து சுமார் 24,500 சதுர கிலோமீட்டர். மிசோரம் மாநிலத்தைவிடப் பெரிய பரப்பு. வட அமெரிக்காவின் மிக உயர்ந்த சிகரம், 6,190 மீட்டர், இதற்குள்தான் இருக்கிறது. 1917-இல் மெக்கின்லி மலைத் தேசியப் பூங்கா என்று தொடங்கியது, 1980-இல் ஏறத்தாழ மூன்று மடங்காக விரிந்து டெனாலி என்ற பெயரைப் பெற்றது. இவ்வளவு பெரிய நிலத்துக்குள் ஒரே ஒரு சாலைதான் போகிறது. அதன் நீளம் 148 கிலோமீட்டர். கோடையில் முதல் 24 கிலோமீட்டர் வரைதான் சொந்தக் காரில் போகலாம், அதற்கு அப்பால் பூங்காப் பேருந்துதான். சாலையைவிட்டு இறங்கினால், உட்காட்டின் பெரும்பகுதியில் வெட்டிய பாதை எதுவும் இல்லை.

வேண்டுமென்றேதான் அப்படி விட்டுவைத்திருக்கிறார்கள். 1939 முதல் 1941 வரை இங்கே ஓநாய்களைப் பின்தொடர்ந்து ஆராய்ந்த உயிரியலாளர் அடால்ஃப் முரீ, பிற்பாடு சாலையை அகலப்படுத்தி மேம்படுத்தும் திட்டம் வந்தபோது அதை உறுதியாக எதிர்த்தார். முதல் 24 கிலோமீட்டரோடு தார் நின்றுபோனது. அதற்கு அப்பால் இன்றும் மண்ணும் சரளையும்தான். பாதை போடாததற்கு மண்ணிலேயே ஒரு காரணமும் இருக்கிறது. மரமில்லாத துந்திரா நிலத்தில் பாசியும் குறுஞ்செடிகளும் மெத்தைபோல் படர்ந்து, அடியில் உறைந்து கிடக்கும் மண்ணைக் கோடை வெயில் தொடாமல் காக்கின்றன. ஒரே தடத்தில் ஆட்கள் திரும்பத் திரும்ப நடந்தால் அந்தப் போர்வை நசுங்கிவிடும். வெப்பம் உள்ளே இறங்கி உறைமண் உருகும், தடம் பள்ளமாகும், பள்ளத்தில் நீர் தேங்கும். குறுகிய கோடையில் கொஞ்சம் கொஞ்சமாக வளரும் செடிகள் அந்தக் காயத்தை மூடப் பல ஆண்டுகளாகும். அதனால்தான் குழுவாகப் போகிறவர்கள் வரிசையாக நடக்காமல் ஒருவரையொருவர் விட்டு விலகி நடக்கும்படி பூங்கா கேட்டுக்கொள்கிறது.

உறைமண் உருகுவதன் விளைவு அந்தச் சாலையிலேயே தெரிகிறது. வாசலிலிருந்து ஏறத்தாழ 73 கிலோமீட்டர் தொலைவில், பிரிட்டி ராக்ஸ் என்ற இடத்தில், சாலை ஒரு மலைச்சரிவை ஒட்டிப் போகிறது. அடியில் பனிக்கட்டி கலந்த மண். 2014-க்கு முன் அந்தச் சரிவு ஆண்டுக்குச் சில அங்குலம் நகர்ந்துகொண்டிருந்தது. 2017-இல் மாதத்துக்குச் சில அங்குலம், 2018-இல் வாரத்துக்கு, 2019-இல் நாளுக்கு என்று வேகம் கூடியது. 2021-இல் மணிக்கு 0.65 அங்குலம், அதாவது ஒரு நாளில் 40 சென்டிமீட்டர். லாரி லாரியாகச் சரளை கொட்டியும் ஈடுகட்ட முடியவில்லை. அந்த ஆண்டு ஆகஸ்டில் சாலையை அங்கே மூடினார்கள். சரிவுக்கு மேலே பாலம் கட்டும் வேலை 2023-இல் தொடங்கியது. சாலை மூடியதும், பழைய பயணக் கையேடுகளை வைத்துத் திட்டமிட்டவர்களின் கணக்கு முழுவதும் மாறிப்போனது. முன்பு பேருந்தில் சென்று இறங்கிய மேற்குப் பாதிக்கு, நடந்தோ சிறு விமானத்திலோதான் போக வேண்டும் என்றாகிவிட்டது. புத்தகத்தில் உள்ள தூரத்தை நம்புவதற்கு முன் சாலையின் இன்றைய நிலையைக் கேட்டுத் தெரிந்துகொள்வது இங்கே முதல் வேலை.

பாதை இல்லாத நிலத்தில் தூரக் கணக்கும் வேறு. நல்ல மலைப்பாதையில் நாளுக்கு 20 கிலோமீட்டர் நடப்பவருக்கு இங்கே 8 கிலோமீட்டரே போதும் போதுமென்று ஆகிவிடும். வில்லோவும் ஆல்டரும் தலைக்குமேல் வளர்ந்த புதர், கால் வைத்தால் ஆடும் புல்மேடுகள், காலடியில் சரியும் கற்சரிவு என்று நிலம் மாறிக்கொண்டே இருக்கும். வரைபடத்தில் சமவுயரக் கோடுகளைப் படிக்கத் தெரிந்தால் புதரைத் தவிர்த்து முகட்டு வழியாகப் போகலாம். ஆனால் திசைகாட்டியை வைத்துப் படிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். இங்கே திசைகாட்டி முள் உண்மையான வடக்கிலிருந்து ஏறத்தாழ 15 பாகை கிழக்கே சாய்ந்து நிற்கும். அதைக் கழிக்காமல் நடந்தால், ஒரு கிலோமீட்டரில் 250 மீட்டருக்கும் மேல் விலகிப்போவோம். பூமியின் காந்த வடமுனை கனடாப் பக்கமிருந்து சைபீரியாவை நோக்கி நகர்ந்துகொண்டே இருப்பதால் இந்தக் கோணமும் மாறுகிறது. ஐம்பது அறுபது ஆண்டுக்கு முன் அச்சிட்ட வரைபடத்தின் ஓரத்தில் போட்டிருக்கும் கோணம் இன்றைக்குப் பொருந்தாது.

இத்தனைக்கும் மேலாக, டெனாலிப் பயணத்தின் கால அட்டவணையைத் தீர்மானிப்பவை ஆறுகள்.

பூங்காவின் ஆறில் ஒரு பங்கைப் பனியாறுகள் மூடியிருக்கின்றன. டோக்லாட், டெக்லனிகா, மெக்கின்லி ஆகிய ஆறுகள் அவற்றிலிருந்து உருகி வரும் நீர். மழையால் பெருகும் ஆற்றை வானத்தைப் பார்த்து ஓரளவு கணிக்கலாம். பனியாற்று நீர் வெயிலைப் பார்த்துப் பெருகுகிறது. நண்பகல் வெயிலில் பனியின் மேற்பரப்பு உருகும். உருகிய நீர் பனிக்குள் இருக்கும் பிளவுகளிலும் சுரங்கங்களிலும் இறங்கி, அடிவாரத்தை அடைந்து, பிறகு பள்ளத்தாக்கு வழியே ஓடி வர வேண்டும். அதற்குப் பல மணி நேரம் பிடிக்கிறது. ஆகவே வெயில் உச்சிக்கு வரும்போது ஆறு இன்னும் தணிந்தே ஓடும், மாலையிலும் முன்னிரவிலும்தான் உச்சத்தைத் தொடும். விடியற்காலையில் மிகவும் இறங்கியிருக்கும். மாலையில் வந்து மலைத்து நின்றவர், கரையிலேயே கூடாரம் போட்டுத் தூங்கி, காலை ஐந்து மணிக்கு அதே இடத்தில் முழங்கால் நீரில் கடந்துபோன கதைகள் மலையேறிகளிடையே சாதாரணம். நீலவானம் தெளிந்த வெப்பமான நாள் நடப்பதற்கு இதமாக இருக்கும். அதே நாள்தான் ஆற்றைக் கடக்க மோசமான நாள்.

இந்த நீர் அரிசி கழுவிய தண்ணீரைப்போல் சாம்பல் வெளுப்பாக ஓடும். பனியாறு தன் அடியில் உள்ள பாறையை அரைத்து உண்டாக்கிய நுண்துகள்கள் நீரில் மிதப்பதே காரணம். ஒரு சாண் ஆழமா, ஓர் ஆள் ஆழமா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. காதைத் தீட்டிக் கேட்டால் வேறொன்று தெரியும்: நீருக்கடியில் பாறைகள் உருண்டு மோதும் சத்தம். அது கேட்கிற இடத்தில் இறங்கக் கூடாது, ஏனென்றால் பாறையை உருட்டும் நீருக்கு மனிதக் காலைத் தட்டிவிடுவது ஒரு வேலையே இல்லை. நீரின் வேகம் இரு மடங்கானால் அது காலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். அகலமாகப் பரந்து, பல கால்களாகப் பிரிந்து பின்னிப் பின்னி ஓடும் இடத்தைத் தேடிக் கடக்கச் சொல்வது இதனால்தான். பத்துக் கிளைகளைக் கடக்க வேண்டியிருந்தாலும் ஒவ்வொன்றிலும் ஆழமும் வேகமும் குறைவு. குறுகிய இடம் கிட்டத்தில் தெரியும், மனத்தை இழுக்கும். அங்கேதான் அத்தனை நீரும் ஒன்றுசேர்ந்து ஓடுகிறது. கடக்கும்போது காலணியைக் கழற்றக் கூடாது. முதுகுப்பையின் இடுப்புப் பட்டையைக் கழற்றிவிட வேண்டும், விழுந்தால் பை ஆளை அமுக்கிவிடாமல் உதறிவிட்டு எழுவதற்காக.

டெக்லனிகா ஆற்றின் பெயரை உலகம் அறிந்தது ஒரு துயரத்தால். 1992 ஏப்ரல் இறுதியில் கிறிஸ்டோபர் மெக்கான்ட்லெஸ் என்ற 24 வயது இளைஞர், பூங்காவின் வடக்கு எல்லையை ஒட்டிய ஸ்டாம்பீட் தடத்தில் தனியாக நடந்து, அந்த ஆற்றைக் கடந்து, கைவிடப்பட்ட 142 என்ற எண்ணுள்ள பேருந்தில் தங்கினார். மலைகளில் பனி இன்னும் உறைந்திருந்ததால் அன்றைக்கு ஆற்றில் நீர் குறைவு. ஜூலையில் ஊர் திரும்பக் கிளம்பியபோது அதே ஆறு பனிநீரால் புரண்டு ஓடியது. அவர் பேருந்துக்கே திரும்பினார், ஆகஸ்டில் அங்கேயே இறந்தார். அவர் கடந்த இடத்திலிருந்து ஏறக்குறைய 400 மீட்டர் தூரத்தில், கையால் இழுத்து ஆற்றைக் கடக்கும் கம்பித் தொட்டில் ஒன்று இருந்தது. விவரமான வரைபடம் இல்லாததால் அவருக்கு அது தெரியவில்லை. ஜான் க்ராக்கவுர் 1996-இல் எழுதிய புத்தகமும் 2007-இல் வந்த திரைப்படமும் அந்தப் பேருந்தை யாத்திரைத் தலமாக்கின. அதைப் பார்க்கப் போன இரண்டு இளம்பெண்கள், ஒருவர் 2010-இல், இன்னொருவர் 2019-இல், இதே டெக்லனிகாவில் இழுத்துச் செல்லப்பட்டு இறந்தார்கள். 2020 ஜூனில் அலாஸ்கா அரசு ஹெலிகாப்டர் வைத்துப் பேருந்தைத் தூக்கி அகற்றியது.

மெக்கான்ட்லெஸைப் பலர் புகழ்ந்திருக்கிறார்கள், பலர் ஏசியிருக்கிறார்கள். பயணம் திட்டமிடுகிறவர் அவருடைய கதையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஆற்றியல் சம்பந்தப்பட்ட உண்மை ஒன்றை: போகும்போது கடந்த ஆறும் திரும்பும்போது கடக்க வேண்டிய ஆறும் ஒரே ஆறாக இருப்பதில்லை. ஐந்து நாள் பயணத்திலேயே இது நடக்கும். முதல் நாள் குளிராகவும் மேகமூட்டமாகவும் இருந்து ஐந்தாம் நாள் வெயில் கொளுத்தினால் போதும். ஆகவே வழி வகுக்கும்போது, பெரிய ஆற்றின் மறுகரைக்குப் போகாமலே முடியும் வழி ஒன்றையும் கையில் வைத்துக்கொள்வது நல்லது. கயிறு இருக்கிறதே என்ற தைரியமும் வேண்டாம். குறுக்கே கட்டிய கயிற்றோடு உடலைப் பிணைத்துக்கொண்டு விழுந்தால், கயிறு ஆளை ஓட்டத்தின் நடுவில் பிடித்து நிறுத்தும், நீர் மேலிருந்து அமுக்கும். 2010-இல் இறந்தவர் அப்படித்தான் கயிற்றோடு பிணைந்திருந்தார்.

ஆற்றைக் கடந்தவருக்கு அடுத்த ஆபத்து, நனைந்த துணி. உடலின் உள்வெப்பம் 35 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்குவதை மருத்துவர்கள் ஹைப்போதெர்மியா என்கிறார்கள். கடுங்குளிரில் மட்டுமே இது வரும் என்று நம்மவர்கள் நினைப்பதுண்டு. உண்மையில் 5, 10 பாகை வெப்பத்தில், சாரலும் காற்றும் சேரும் நாளில்தான் இது பலரைப் பிடிக்கிறது. நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்துவதால், ஈரத்துணி உடம்பிலிருந்து சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பருத்தி ஈரத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும் என்பதால் மலைக்கு ஆகாது. கம்பளியும் செயற்கை இழையும் நனைந்தாலும் ஓரளவு சூடு காக்கும். டெனாலியில் கோடையின் எந்த மாதத்திலும் பனி விழலாம். நடுக்கம், அதன் பிறகு வாய் குழறல், கால் தடுமாறல், பித்தானைப் போட முடியாத விரல்கள் என்று அறிகுறிகள் வரும். அந்தக் கட்டத்தில் மூளையும் மந்தமாகியிருக்கும் என்பதால் பாதிக்கப்பட்டவருக்குத் தன் நிலை தெரியாது. உடன் இருப்பவர்தான் கண்டுபிடித்து, உடை மாற்றி, இனிப்பாக ஏதாவது கொடுத்து, உறக்கப்பைக்குள் படுக்கவைக்க வேண்டும். அந்த உறக்கப்பையின் அடியில் விரிக்கும் காற்றுமெத்தையைச் சிலர் எடை குறைக்க விட்டுவிடுகிறார்கள். உடல் எடையில் நசுங்கிய பஞ்சு குளிரைத் தடுக்காது, உறைமண் இரவு முழுவதும் முதுகின் சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும்.

இனி, சாப்பாடும் கரடியும். இவை இரண்டையும் பிரித்துப் பேச முடியாது.

1970-களில் டெனாலியின் கரடிகள் முகாம் உணவின் ருசி கண்டு கூடாரங்களைத் தேடி வரத் தொடங்கின. ஒரு முறை ருசி கண்ட கரடி மறப்பதில்லை, பெரும்பாலும் அது கொல்லப்படுவதில்தான் முடியும். 1980-களின் தொடக்கத்தில் பூங்கா ஒரு தீர்வைக் கொண்டுவந்தது: கரடியால் திறக்க முடியாத கெட்டியான பிளாஸ்டிக் குடுவை. உட்காட்டில் தங்குபவர்கள் உணவை அதற்குள் வைப்பது கட்டாயமாயிற்று. கரடிகள் முகாம் உணவைப் பறிப்பது வெகுவாகக் குறைந்துபோனது. பற்பசை, சோப்பு, வெயில்காப்புப் பசை என்று வாசனையுள்ள எதுவும் அதற்குள்தான் போக வேண்டும். கூடாரம், சமைக்கும் இடம், குடுவை வைக்கும் இடம் ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று குறைந்தது 90 மீட்டர் விலகியிருக்க வேண்டும், சமையல் வாசனை கூடாரத்தின் மேல் வீசாதபடி காற்றின் போக்கில் கீழ்ப்பக்கமாக.

குடுவையின் கொள்ளளவு சமையல் பட்டியலையே மாற்றிவிடும். கொழுப்பு ஒரு கிராமுக்கு 9 கிலோகலோரி தருகிறது, மாவுச்சத்து 4 தான். பை சுமந்து நாள் முழுக்க நடப்பவருக்கு 3,000 கிலோகலோரிக்கு மேல் வேண்டும். ஆகவே காற்றடைத்த சிப்ஸ் பொட்டலத்தைவிட நிலக்கடலையும் நெய்யும் அவலும் அந்தச் சின்னக் குடுவையில் அதிக நாள் தாங்கும். விறகு மூட்ட அனுமதி இல்லை என்பதால் சிறிய கேஸ் அடுப்புதான். அதிலும் உருளையில் என்ன வாயு என்று பார்த்து வாங்க வேண்டும். சாதாரண பியூட்டேன் சுழியத்துக்கு அரைப் பாகை கீழேயே ஆவியாகாமல் நின்றுவிடும். ஐசோபியூட்டேன் சுழியத்துக்கு 12 பாகை கீழ்வரை, புரோப்பேன் 42 பாகை கீழ்வரை ஆவியாகும். இவை கலந்த உருளை உறைகுளிர் காலையிலும் எரியும். இந்த உருளைகளை விமானத்தில் கொண்டுபோக முடியாது, ஆங்கரேஜிலோ ஃபேர்பேங்க்ஸிலோ இறங்கித்தான் வாங்க வேண்டும்.

கரடியை விரட்டும் தெளிப்பானுக்கும் அதே விதி. அதிலிருக்கும் எரிச்சலூட்டும் பொருள் நம் மிளகாயில் உறைக்கும் அதே கேப்சைசின்தான். டாம் ஸ்மித்தும் ஸ்டீபன் ஹெரேரோவும் சகாக்களும் 2008-இல் வெளியிட்ட ஆய்வு, அலாஸ்காவில் 1985 முதல் 2006 வரை தெளிப்பான் பயன்பட்ட 83 நிகழ்வுகளை அலசியது. பழுப்புக் கரடிகளின் தொல்லையை 92 விழுக்காடு நிகழ்வுகளில் அது நிறுத்தியது. அதை வைத்திருந்தவர்களில் 98 விழுக்காட்டினர் காயமின்றித் தப்பினார்கள். ஆனால் கொசுமருந்து போலக் கூடாரத்தின் மேல் அடித்து வைப்பது தவறு, காய்ந்த மிளகாய் நெடி கரடியை வரவழைக்கும் என்று ஸ்மித்தே கண்டிருக்கிறார்.

தெளிப்பானைவிட மேலான பாதுகாப்பு, தூரம். கரடியிடமிருந்து 275 மீட்டராவது விலகி நிற்க வேண்டும் என்பது பூங்கா விதி. பூங்காவின் வரலாற்றில் கரடியால் நேர்ந்த முதல் உயிரிழப்பு 2012 ஆகஸ்டில், டோக்லாட் ஆற்றங்கரையில். இறந்தவரின் கேமராவில், மேய்ந்துகொண்டிருந்த கரடியை ஏறத்தாழ 50 மீட்டர் தூரத்திலிருந்து பல நிமிடங்கள் எடுத்த படங்கள் இருந்தன. அந்த இடமும் மாதமும் தற்செயலானவை என்று சொல்ல முடியாது. ஜூலை கடைசியிலும் ஆகஸ்டிலும் ஆற்றோரச் சரளைத் திட்டுகளில் சோப்பெர்ரிப் பழங்கள் சிவந்து பழுக்கும். குளிர்கால உறக்கத்துக்குக் கொழுப்பு சேர்க்கும் கரடிகள் அங்கே தலை குனிந்து மேயும். புதரில்லாத அந்தச் சரளைத் திட்டுகள்தான் மனிதர்களுக்கும் நடக்க வசதியான வழி. ஆகஸ்டில் போகிறவர்கள் ஆற்றோரம் நடக்கும்போது பேசிக்கொண்டோ கைதட்டிக்கொண்டோ போக வேண்டும், ஆற்று இரைச்சலையும் மீறிக் கேட்கும்படி. பழக்காலத்தில் முகட்டு வழியைத் தேர்ந்தெடுப்பது இன்னும் நல்லது.

  

குடிநீர் எங்கும் ஓடுகிறது, ஆனால் ஜியார்டியா என்ற ஒட்டுண்ணி கலந்திருக்கலாம் என்பதால் கொதிக்கவைக்கவோ வடிகட்டவோ வேண்டும். பனியாற்று நீரின் பாறைத்தூள் வடிகட்டியை அடைத்துவிடும். இரவில் பாத்திரத்தில் தெளியவைத்து மேல்நீரை எடுப்பது, அல்லது தெளிந்த சிற்றோடைக்குப் பக்கத்தில் முகாம் அமைப்பது எளிய வழி. கூடாரம் சாலையிலிருந்து 800 மீட்டருக்கு அப்பால், சாலையில் போகிறவர் கண்ணில் படாத இடத்தில் இருக்க வேண்டும் என்ற விதியையும் வரைபடத்தில் இடம் குறிக்கும்போதே பார்த்துக்கொள்ளலாம். ஜூன் மாதத்தில் 20 மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம் இருக்கும், டார்ச் தேவைப்படாது. அதே மாதத்தில் கொசுவும் மொய்க்கும், முகவலை தேவைப்படும்.

உட்காட்டின் பெரும்பகுதியில் கைப்பேசி எட்டாது. செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி உதவிக்கு ஆளை அழைக்கும், ஆனால் மேகம் மலையை மூடியிருந்தால் ஹெலிகாப்டர் வராது. அந்த மலை தனக்கென்று மேகத்தை உண்டாக்கிக்கொள்வது, கோடையில் வரும் பயணிகளில் பெரும்பாலானோர் சிகரத்தைப் பார்க்காமலே திரும்புவதிலிருந்தே தெரியும். ஆகவே எந்தப் பிரிவில் எந்த இரவு என்ற பட்டியலை ஊரில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போவதோடு, எந்தத் தேதிக்கு மேல் தேடச் சொல்ல வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தத் தேதி, சாலைக்குத் திரும்புவதாக நினைத்திருக்கும் நாளுக்கு ஒரு நாளாவது பின்னால் இருக்கட்டும். ஆறு இறங்கும்வரை கரையில் காத்திருக்க அந்த ஒரு நாள் வேண்டும். அதற்கான உணவு குடுவையிலும், அதற்கான எரிவாயு உருளையிலும் மிச்சம் இருக்க வேண்டும். ஊர் திரும்பும் விமானச்சீட்டையும் அதற்கு அடுத்த நாளுக்கே எடுத்திருக்க வேண்டும்.